தடைக்காலத்தில் வந்தவள்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன்.
சொன்னால் அடுத்த சனிக்கிழமையே வந்துவிடுவீர்கள்.
களியக்காவிளையில் இறங்கி
எல்லையைத் தாண்டாமல்
கடல் பக்கம் போகும் பேருந்தில் ஏற வேண்டும்
என்பது வரை சொல்லலாம்.

ஜூன் மாதம்.
குடையை ஒரு பொருட்டாக மதிக்காத மழை.
ஐஸ் ஃபேக்டரி மாடியில் ஓர் அறை, நாளுக்கு ஐநூறு.
"ஃபேக்டரி ஓடுற காலமெண்ணா ஒறங்க ஒக்காது, கேட்டியளா"
என்றார் வெனான்சியூஸ்.
"இப்பம் கடலுக்கு அறுபத்தொண்ணு நாள் லீவு."
எனக்கு மூன்று நாள் என்றேன்.
"இஞ்ச பாக்க என்ன இருக்கு?
எல்லாரும் கன்னியாகுமரி போவாவ, இல்லெங்கி கோவளம்."
பார்க்க ஒன்றுமில்லை என்பதால்தான் வந்தேன்.
"அது கொள்ளாம்."
பெயர்கூடக் கேட்காமல் சாவியைக் கொடுத்தார்.

ஒன்றுமில்லாததைப் பார்க்கத் தொடங்கினேன்.
டயர் கட்டிய விலாக்களோடு
தோள் உரசி நிற்கும் விசைப்படகுகள்.
ஒன்று அசைந்தால் எல்லாம் அசைகின்றன,
பூசை நடுவே பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து போவதுபோல.
'மிக்கேல் சம்மனசு' படகின் கூரையில்
ஒரு சட்டை நாள் முழுக்கக் காய முயல்கிறது.
ஏலக்கூடத்துத் தராசில் ஏறி நின்று
ஒரு பையன் தன்னைத்தானே ஏலம் விட்டான்.
இருபத்தெட்டு கிலோ. கேட்க ஆளில்லை.

காலையில் சாயா, மரச்சீனிக் கிழங்கு, நெத்தோலிக் கருவாடு.
மதியம் தூக்கம்.
மாலையில் குருசடி மெழுகுவத்தியைக் காற்று அணைக்க
யாரோ ஒருவர் சலிக்காமல் கொளுத்திக்கொண்டிருப்பார்.
என் ஃபோன் பையில், துணிகளுக்கு அடியில்.
இரண்டாம் நாள் தோள்கள் கீழே இறங்கின.
இத்தனை காலம் அவை காதருகே இருந்தது
அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள், பத்து மணி பத்து நிமிடம்.
வெனான்சியூஸ் வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார்.
சட்டைப்பையில் மணி அடித்தது.
எடுத்துப் பார்த்து, வைத்தார்.
இரண்டு நிமிடத்தில் மறுபடி.
பதினொரு நிமிடம் விட்டு மறுபடி.

அந்தத் தாளம் எனக்குத் தெரியும்.
இரண்டு, பதினொன்று,
சாப்பாட்டு நேரத்தில் ஒன்று,
அப்புறம் ஜாமீன் போட்டவருக்கு.
கோயம்புத்தூரில் நாலாவது மாடியில்
ஹெட்போன் மாட்டிக்கொண்டு
நான் அடிக்கும் தாளம்.
"உங்க கஷ்டத்தைக் கேக்கல சார்,
தேதியைத்தான் கேக்கறேன்."

"லோன் கம்பெனிக்காரி" என்றார், வலையிலிருந்து கண் எடுக்காமல்.
"தேன் போல பேசுவா.
கடல் அடச்சிருக்குண்ணு சொன்னா
எப்பம் தொறப்பாவண்ணு கேக்கா."

நானும் கேட்டிருக்கிறேன்.
போன ஜூனில், யாரோ ஒருவரிடம்.
கடலை ஒரு கடை என்று நினைத்திருந்தேன்.

மழை விட்டிருந்தது. ஊசி போய்ப் போய் வந்தது.
"ஏழு மணிக்கு மேல அவங்க கூப்பிடக் கூடாது" என்றேன்.
"கூப்பிட்டா பேரைக் கேளுங்க.
கேட்டு எழுதி வைங்க.
பேர் சொல்லத்தான் அவங்களுக்குப் பயம்."

ஊசி நின்றது.
துறையில் எல்லாப் படகுகளும் ஒருமுறை அசைந்து
பழையபடி நின்றன.

"ஒங்களுக்க பேரு என்ன?" என்றார்.

சொன்னேன்.
ஹெட்போனில் சொல்லும் பெயரை அல்ல.
தமயந்தி.

அவர் எழுதிக்கொள்ளவில்லை.