மூல காரணம்

நார்வேயிலிருந்து திரும்பி வந்திருக்கிறது
மீன்படகின் பம்புக்குள் இரண்டு குளிர்காலம் கிடந்த காந்தம்.
கூடவே நான் கையெழுத்திட்ட சான்றிதழ்:
உப்புப் பனியில் தொண்ணூற்றாறு மணி நேரம், தேர்ச்சி.

நிக்கல், அதன்மேல் செம்பு, மறுபடி நிக்கல்.
மூன்றும் சேர்ந்து ஒரு தலைமுடியின் கால் பங்கு.
உள்ளே இருப்பது பத்துக் கிலோவைத் தூக்கும்,
ஈரக்காற்றைத் தாங்காது.
பூச்சில்லாமல் விட்டால் ஒருநாள் கைப்பிடி மாவு.

நிங்போவில் எங்கள் ஆலை ஜன்னலைத் திறந்தால் கடல்.
அதை மூடிவிட்டுப் பெட்டிக்குள்
உப்புக் கரைத்து, முப்பத்தைந்து டிகிரியில் தெளித்து,
கடல் செய்கிறேன். சம்பளம் அதற்குத்தான்.
என் கடலுக்குப் பொறுமை நான்கு நாள்.

நுண்ணோக்கியில் வைத்தேன்.
மேல்தோல் கொப்புளித்திருந்தது, ஆனால் கண்டபடி இல்லை.
வளைவு வளைவாய், ஒன்றுக்குள் ஒன்றாய்,
நடுவில் ஒரு சுழி.
கைரேகை.

அமிலத்தில் கழுவிய பிறகு, முலாம் தொட்டிக்கு முன்னால்,
காந்தம் இன்னும் காந்தமாகாத நேரத்தில்
யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள்.
அந்த வியர்வையின் மேல்தான் ஏற்றினோம்
மூன்று அடுக்கையும், பளபளப்பையும், என் கையெழுத்தையும்.

சுழிக்குக் குறுக்கே வெட்டுத் தழும்பு.
தெரிந்துபோயிற்று.
விடுதியில் மழை இரவுகளில் விரல்சுழி எண்ணி
யாருக்குப் பணம், யாருக்குப் பஞ்சம் என்று சிரிப்போமே,
அப்போது பார்த்த விரல்.
மீன் டின்னைத் திறக்கப்போய் அறுத்துக்கொண்டது.
யே பிங்ஷுவாங். இப்போதும் மூன்றாம் வரிசையில்தான் நிற்கிறாள்.

படிவத்தில் 'மூல காரணம்' என்றொரு கட்டம்.
மேலாளர் லுவோவுக்கு அதில் ஒரு பெயர் வேண்டும்.
எழுதினால் கட்டம் நிறையும். என் கையும் சுத்தம்.

இறங்கிப் போனேன்.
அலமாரி நிறையக் கையுறைப் பெட்டிகள், எல்லாம் பெரிய அளவு.
பிங்ஷுவாங்கின் விரல்நுனிகளைத் தாண்டி
அரை அங்குல ரப்பர் காலியாய்த் தொங்கியது.
பொத்தான் அளவுத் துண்டுகள் அதில் நழுவும்;
நழுவ நழுவ எண்ணிக்கை குறையும், கூலி குறையும்.
கழற்றாமல் என்ன செய்வாள்?

"என்ன பார்க்கிறாய்?" என்றாள்.
"ஒன்றுமில்லை. கையைக் காட்டு."

மேலே வந்து எழுதினேன்:
மூல காரணம், கையுறையின் அளவு.
தீர்வு, சிறியது, இருபது பெட்டி.
லுவோ விலையை மட்டும் கேட்டார். ஒப்பமிட்டார்.
மாதிரியை அழித்துவிடு என்றார்.

மேசையில் வைத்தேன், மாவு உதிர்ந்தது.
ஒரு சாண் தள்ளிக் கிடந்த கத்தரிக்கோல்
மெல்லத் திரும்பி,
நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது.