கறுப்பு களைந்த மறுநாள்

ஓராண்டு முடிந்தது.
துக்க உடையை உருவி
முற்றத்துத் தீயில் போட்டார்கள் நாத்தனார்கள்.
"இனி நீ சிரிக்கலாம், சேத்துன்யா"
என்றாள் மூத்தவள்,
கடைக்காரி மீதிச் சில்லறை தருவதுபோல.

மறுநாள் கான்சிக்கு மாடு ஏற்றப் போனேன்.
மோடிரியின் லாரி.
அவன் முதுகு பதிந்து பள்ளமான இருக்கை.
அச்சு முறிந்ததால் ராத்தங்கல்.
பெட்ரோல் பங்குக்குப் பின்னால்
தகரக்கூரை மதுக்கடை.

உள்ளே
கலஹாரிப் புழுக்கத்தில்
தோல் சட்டை, ஆணி பதித்த கைப்பட்டை,
இடுப்பில் மாட்டுக்கொம்பு தொங்க
எருமைபோல் அடியெடுத்து வைக்கும் ஆண்கள்.
எல்லாம் கறுப்பு.
யாருக்குச் சாவு என்று கேட்டேன்.
"ராக் பார்க்க வந்தோம் அக்கா" என்றான் ஒருவன்,
நாற்காலியைத் துடைத்துப் போட்டு.
சிரிப்பு வந்துவிட்டது.
அனுமதி கிடைத்து ஒருநாள்கூட ஆகவில்லை.

கிட்டார் தொடங்கியதும்
பீர் பாட்டில் தானாக மேசையில் நகர்ந்தது.
பாடியவன் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை.
ஆங்கிலமோ, எங்கள் மொழியோ,
கயிறு இறுகும்போது மாடு எழுப்புமே
அந்தச் சத்தத்துக்கு எந்த ஊர் பாஷை?

குழிமேட்டில் நானும் வாய் திறந்தேன் அன்று.
மாமியார் விரலை நெரித்தாள்:
ஊர் பார்க்கிறது.
பாதியில் மூடிய வாய்.
மீதியைப் பன்னிரண்டு மாதம்
சோற்றோடு விழுங்கினேன்.

நடுப்பாட்டில் மின்சாரம் போனது.
கிட்டார் செத்தது.
டிரம்காரன் மட்டும் நிறுத்தவில்லை,
இருட்டில் அடித்துக்கொண்டே இருந்தான்.
மைக் இல்லாமல் கத்தினான் பாடகன்.
அவனோடு இன்னொரு குரல்,
சேற்றில் சிக்கிய கன்றுபோல,
அசிங்கமாக, நீளமாக.

அக்கா, மூச்சு விடுங்கள் என்றான்
நாற்காலி போட்டவன்.

சட்டை வாங்கினேன், மூன்று தவணை.
"கறுப்பைக் களைந்துதானே அனுப்பினோம்!"
"இது மாட்டுத்தோல்" என்றேன், "துவைக்க வேண்டாம்."
மூத்தவள் இன்னும் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் லோபாட்சே வரை
சத்தமாக வைத்துத்தான் ஓட்டுகிறேன்.
பின்னால் இருபத்திரண்டு மாடுகள்.
லாரித் தரை அதிர்கிறது,
குளம்பு வழியே அவற்றுக்கும் ஏறுமோ என்னவோ.
நிறுத்தித் தண்ணீர் காட்டும்போது
ஒன்றிரண்டு கம்பி வழியே மூக்கை நீட்டி
என் தோளை
முகர்ந்து பார்க்கும்.