ஆண்டுக்குப் பதினைந்தாயிரம்

ஷோரூமில் ஏசி குளிர்.
நறுமுகை மூன்றாம் வரிசையில் ஏறிப் படுத்துக்கொண்டு
இதுதான் என் ரூம் என்று அறிவித்துவிட்டாள்.
இவர் கதவைச் சாத்திச் சாத்திச் சத்தம் கேட்டார்,
பண்ருட்டிச் சந்தையில் பலா தட்டிப் பார்க்கிறவரைப் போல.
'இருக்கிறதிலேயே ஆரம்ப மாடல் சார், ஆனா டீசல்'
என்றான் ரியாசுதீன்.
அந்த 'ஆனா' எங்களோடு வீடுவரைக்கும் வந்தது.

தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி
இருநூறு மில்லிமீட்டராம்.
வாசல் சுவரில் டேப் வைத்துப் பார்த்தார்:
கெடிலம் உள்ளே வந்த வருஷத்துக் கறை
அதற்கும் மேலே இரண்டு சாண்.
அப்படியென்றால் படகுதான் வாங்கணும் என்றேன்.
இவர் சிரிக்கவில்லை.

மின்வாரியத்தில் பதினெட்டு வருஷம்
ஊரார் வீட்டு யூனிட்டைக் கூட்டிப் பார்த்தவள் நான்.
லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டேன்.
மாதத் தவணை, எண்பத்து நான்கு தடவை.
கடைசித் தவணை கட்டும்போது நறுமுகை ப்ளஸ் ஒன்.
மூன்றாம் வரிசை அவளுக்குக் கால் கொள்ளாது.
காப்பீடு. டயர். அடிப்பாகத்துக்குப் பூச்சு;
சில்வர் பீச்சுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்கு
இரும்பு கொஞ்சநாள் விருந்தாளி.

கன்னியக்கோவில் தாண்டினால்
லிட்டருக்கு ஆறேழு ரூபாய் மலிவு.
டேங்க் நிறைத்தால் முந்நூறு மிச்சம்,
போய்வர நூறு செலவு,
பங்கில் வரிசை நிற்கும் அரைமணி நேரத்தை
எந்தக் கட்டத்தில் எழுத?
பாகூர் சகலை போன் செய்து
'என் விலாசத்தைப் போட்டுக்கோ,
பாண்டி நம்பர், வரி பாதிகூட வராது' என்கிறார்.
வேண்டாம் என்றேன்.
பொய் விலாசத்துக்கும் ஒருநாள் பில் வரும்.

செம்மண்டலம் ஞானப்பிரகாசம் மெக்கானிக்
ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டது ஒன்றுதான்:
'வருஷத்துக்கு எவ்வளவு ஓடுவீங்க?'
பதினைந்தாயிரம் தாண்டினால் டீசல்.
இல்லையென்றால் பெட்ரோலே போதும்.
'இப்ப வர்ற டீசல்ல புகைபோற வழியில
ஒரு வடிகட்டி வச்சிருக்கான்மா.
ஸ்கூலு, மார்க்கெட்டு, மறுபடி ஸ்கூலுன்னு ஓட்டினா
கரி தங்கி மூச்சடைச்சுக்கும்.
அப்பப்ப தூரமா விடணும்.
சூடேறினாத்தான் எரியும்.'

அன்றிரவு எங்கள் தூரத்தைக் கூட்டினேன்.
பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். என் ஆபீஸ் இரண்டு.
இவருக்கு சிப்காட் கம்பெனி பஸ்.
கல்யாணம் காதுகுத்து, ஒரு திருப்பதி,
பல் டாக்டருக்குப் பாண்டிச்சேரி.
எப்படிப் போட்டாலும் ஆறாயிரம்.
பதினான்கு வருஷக் குடித்தனம்
ஒரு பக்கத்தில் அடங்கி
அடியில் நாலு வரி காலி.

இவர் பேனாவை வாங்கி
கொடைக்கானல் என்று எழுதினார்.
கொஞ்சம் யோசித்துக் கன்னியாகுமரி.
லீவு எங்கே என்று நான் கேட்கவில்லை.
ஏழாயிரத்து எண்ணூறு.

அடுத்த வரியை நான்தான் எழுதினேன்.
ஓசூர். போய்வர ஐந்நூறு.
நான்கு முறை.

ஓசூரில் இவர் தம்பி தணிகைமணி.
வடலூர் மனை விற்ற கணக்கில்
பேச்சு நின்று ஆறு வருஷம்.
அவன் பையனை
யாரோ அனுப்பிய போட்டோவில் பார்த்ததோடு சரி.
இவர் ஜாடை, அந்த முன்பல் இடைவெளிகூட.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அந்த வரியையே வெகுநேரம் பார்த்தார்.
அப்போதும் பத்தாயிரம்கூட ஆகாது என்று
சொல்ல வாயெடுத்து
நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன்.

நான்கை அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினார்.

காலையில் ரியாசுதீன் போன்.
'டீசலா பெட்ரோலா மேடம்?
ஆபர் முப்பத்தொன்றாம் தேதியோட முடியுது.'
இன்னும் கூட்டி முடிக்கலை தம்பி என்றேன்.
உள்ளே இவர்
பழைய டைரியில் ஒரு நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.