சமையலறை வழியாக ஒரு ரயில்

என் வீட்டுக்குள் இரண்டு தண்டவாளங்கள் ஓடுகின்றன.
ஒன்று கட்டிலுக்கு அடியில்.
மற்றொன்றின் மேல் மண்ணெண்ணெய் அடுப்பு.
வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும் என்பார்களே,
எனக்குக் குடித்தனமே ஏறிவிட்டது.

பிலிப்பி பக்கம் வண்டி நின்றுபோன வருடம்
முதலில் கேபிளைத் திருடினார்கள், பிறகு கம்பத்தை,
பிறகு டிக்கெட் கவுண்டரின் கதவை.
வாடகை கொடுக்க முடியாத நாங்கள்
மிச்சமிருந்த மேட்டில் தகரம் ஊன்றினோம்.
கேப் டவுன் குளிர்கால மழையில்
ஊரே முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது
சரளைக்கல் எங்கள் தண்ணீரைக் குடித்துவிடும்.
சும்மா சொல்லக்கூடாது, அரண்மனை.

வேலை கிளேர்மாண்ட்டில்,
நான்கு குளியலறை உள்ள வீடு.
போக இரண்டு மினிபஸ், வர இரண்டு.
பின்வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிக்
காசு முன்னே போகும்.
எண்ணுகிறவன் தலையைத் திருப்பாமலே
"ஒரு ஆள் குறையுது" என்பான்.
பல நாள் அந்த ஆள் நான்தான்.

நூறு ராண்ட் கூலியில்
முப்பத்தெட்டு சக்கரத்துக்கு.
மாதக் கடைசி வாரம் நடை:
மூன்று மணிக்கு எழுந்து
ஐந்து பெண்கள் சேர்ந்து
ஆளுக்கொரு கல்லைக் கையில் பிடித்தபடி.

அடுத்த தகரம் ஸிகும்புசோ.
மினிபஸ்ஸில் அவனுக்கு ஒரு கட்டணம்,
அவன் சக்கர நாற்காலிக்கு ஒரு கட்டணம்.
"இதுக்குப் பசிக்காது, ஓட்டும் கிடையாது,
ஆனாலும் பயணி" என்று
அதன் கைப்பிடியைத் தட்டிக்கொடுப்பான்.
ரயில் ஓடிய காலத்தில்
அகலக் கதவு; இரண்டு பேர் கைகொடுத்தால்
உருட்டிக்கொண்டே ஏறிவிடுவானாம்.

ரயிலைத் திருப்பிக் கொடு என்ற மனுவில்
முதல் கையெழுத்து, நொம்வெலிசோ, நான்.
நானூறு பேர் போட்டார்கள்,
என் மேசையில் வைத்து.
மேசைக்குக் கீழே தண்டவாளம்
துருப்பிடித்துக் கிடந்தது.
யாரும் குனிந்து பார்க்கவில்லை.
அல்லது எல்லோரும் பார்த்தோம்.

மனு பலித்தது.
ஆரஞ்சு மேலங்கியில் ஒரு பையன்
ஸ்ப்ரே டப்பாவோடு வந்து
என் கதவில் 217 என்று எழுதினான்.
தம்பி, முதல் வண்டி எத்தனை மணிக்கு?
டிக்கெட் எவ்வளவு வைப்பார்கள்?
"முதல்ல காலி பண்ணுங்கம்மா."
எங்கே?
வரைபடத்தில் விரல் வைத்தான்.
அந்த விரலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே
அவன் உள்ளங்கை முழுசாகப் படுத்திருந்தது.
அங்கிருந்து நிலையத்துக்கு எப்படி வருவது?
"மினிபஸ் இருக்கே."
சொன்ன பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.
எனக்கும்.

இரவு ஸிகும்புசோ இரண்டாவது மனு எழுதினான்:
புது இடத்திலிருந்து ஒரு பேருந்து,
ஏற ஒரு சாய்தளம்,
ரயில் டிக்கெட்டே அதிலும் செல்லவேண்டும்,
நாற்காலிக்குத் தனிக்காசு கூடாது.
சாய்தளத்துக்கு அடியில் இரண்டு கோடு போட்டான்.
நான் கையெழுத்துப் போட்டுவிட்டு
அடுப்பைத் தூக்கிக் கீழே வைத்தேன்.

மண்ணெண்ணெய் சிந்திச் சிந்தி
அது இருந்த இடத்தில் துரு இல்லை.
ஒரு முழம் இரும்பு
பளபளவென்று.
அந்த ஒரு முழம்
தயார்.