எண்பது கிலோ

புனலூரில் மூடிப்போன ஒரு சிட்பண்ட் ஆபீஸ்.
விலை மூவாயிரத்து நானூறு, என் காசு.
ஜல்லி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரியில்
ஆரியங்காவு வளைவுகளில் தானாகச் சுழன்று சுழன்று
புளியரைக்கு வந்து சேர்ந்தது.
"மேனேஜர் கசேரயாணு, பில் சேச்சி" என்றான் சிபிச்சன்,
"இருந்நா எணீக்கான் தோணில்ல."

உண்மைதான்.
தென்காசி டாக்டர் எக்ஸ்ரேயில்
பேனாவால் வட்டம் போட்ட இடம்
முதல் ராத்திரியே வாயை மூடிக்கொண்டது.
ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன்,
இந்தக் கூரையில் விரிசல் இருப்பதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் சாய்ந்தால் கீபோர்டு எட்டாது.
எட்டினால் சாய முடியாது.
வலது கைப்பிடி வெடிப்பு
வளையலைக் கவ்வும், விடாது.
உள்ளே காற்று கசிகிறது போல;
மணிக்கு ஒரு விரல் இறங்கி
மூன்று மணி லாரிக்காரன் குனிந்து பார்க்கையில்
மேசைக்கு மேலே என் பொட்டு மட்டும்.
தரை வேறு மேற்கே சரிவு.
அசந்தால் கேரளத்துக்குக் கிளம்பிவிடும்.
செங்கல் வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் பெரிசில்லை.
மூன்று பக்கமும் கண்ணாடி.
உள்ளே டியூப்லைட், வெளியே இருட்டு, வரிசையாக லாரி.
ஒரு பொம்பளை கால் நீட்டி மல்லாந்தால்
ஹாரன் ஒரு மாதிரி அடிக்கிறது.
முதுகை நிமிர்த்திக்கொண்டேன்,
சாய்கிற நாற்காலியில்.
பிறகு சிமெண்ட் கம்பெனி காலண்டர் மூன்றைக்
கண்ணாடியில் ஒட்டினேன்.

வெள்ளிக்கிழமை மைதீன் பிச்சை முதலாளி வந்தார்.
உட்கார்ந்தார், நெம்பினார், கண்ணை மூடினார்.
"ஆபீஸ் சேர் நல்லாருக்கே."
அப்புறம் தினமும் வந்தார்.
நான் பிளாஸ்டிக்கில் உட்கார்ந்து பில் போட்டேன்.
பன்னிரண்டாம் நாள் தலைகீழாகக் கவிழ்த்து
அடியில் மார்க்கரால் எழுதினேன்:
செ. பூரணவல்லி, சொந்தம்.
அதையும் அவர் பார்க்கும்படி விட்டுவைத்தேன்.

நேற்று சாரல், வண்டி இல்லை.
நாற்காலியை எடைமேடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.
இருபது காட்டியது.
நான் ஏறி உட்கார்ந்தேன். எண்பது.
நெம்புகோலை இழுத்துப் பின்னால் சாய்ந்தேன்,
மழை நேராக முகத்தில்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன்:
எண்பதேதான்.
ஒரு கிலோகூடக் குறையவில்லை.
பில் மட்டும் போடவில்லை.