பதினேழாம் எண் வழி

மிட்லண்டில் ரயில் முடிகிறது.
அதற்குப் பிறகு மலைதான்.
மலை என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்,
முந்நூறு மீட்டர்.
அந்த முந்நூறையும் தொடையால் எண்ணியவர்கள்
சிரிப்பதில்லை.

ஹெட்டி வாரம் முழுக்க ஆற்றில் படகு ஓட்டுகிறவள்.
"தண்ணீருக்கு மேடு கிடையாது" என்று
ஒவ்வோர் ஏற்றத்திலும் ஒருமுறை திட்டுவாள்.
டௌகல் மூச்சு வாங்குவதை மறைக்க
கியரைப் பற்றிப் பேசுவான்.
நான் பேசுவதில்லை. நான் வழி போடுகிறவன்.

இருபத்திரண்டு வழிகள், பெர்த்தின் முதுகின் மேல்.
எங்கே குடிதண்ணீர், எந்த வீட்டில் நாய்,
எந்த வளைவில் சரளை
பட்டாணி மூட்டை அவிழ்ந்தாற்போல் கிடந்து
முன்சக்கரத்தை வாரிவிடும்,
எல்லாம் என் கையெழுத்தில்.
கிளப்பில் நகலெடுத்துக் கொடுப்பேன்,
மை கரையாதிருக்க பிளாஸ்டிக் உறை போட்டு.

இங்கே மாரி என்பது மரம்.
மழைக்கு வேறு பெயர்,
நவம்பருக்குப் பின் அதை யாரும் உச்சரிப்பதில்லை.
மாரியின் பட்டை வெடித்துச் சிவப்பாய்ப் பிசின் வழிகிறது.
கறுப்புக் காக்கட்டூக்கள் கடித்துத் துப்பிய காய்கள்
டயருக்கடியில் டக்கென்று தெறித்து
ஜாராக் காட்டுக்குள் ஓடுகின்றன.

பதினேழு:
அணைச் சாலையை விட்டு இடப்புறம்,
இரும்புக் கேட்டைச் சுற்றி,
புல்மரங்களுக்கு நடுவே ஒற்றைத் தடம்.
நாலு கிலோமீட்டர் இறக்கம்.
பிரேக்கைத் தொட வேண்டாம் என்று
ஓரத்தில் எழுதியிருப்பேன்,
பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்
பதினைந்து பேரை அழைத்துப் போனேன்.
ஜூலை. செயின் வரைக்கும் சேறு.
கேட்டருகே பச்சைப் பெட்டியில்
பிரஷ், ஸ்பிரிட் பாட்டில்,
சக்கரத்தைச் சுத்தம் செய்துவிட்டு நுழையவும்.
மழை வலுத்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வெளியே வரும்போது கழுவலாம், என்றேன்.

மண்ணில் இருக்கிற ஒரு நோய்.
வேரைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாது.
சொந்தமாக மேட்டில் ஏறத் தெரியாது அதற்கு.
யாராவது
ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

இன்று கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று பார்க்கிறோம்.
பாங்க்ஸியாக்கள் நின்றபடி செத்திருக்கின்றன,
தடத்தின் இரு கரையிலும்,
தடம் வளையும் இடத்தில் தாங்களும் வளைந்து.
நான் போட்ட கோட்டின் மேல்
யாரோ பழுப்பு மையால் தடித்து எழுதினாற்போல்.

காட்டுப்பன்றியாக இருக்கலாம்,
லாரியாக, கங்காருவாகக்கூட இருக்கலாம்
என்றாள் வனத்துறையின் மெரில்.
அன்பாகத்தான் சொன்னாள்.
சொல்லும்போதே குனிந்து
பூட்ஸின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வந்தாள் அந்தப் பெண்.
சைக்கிளின் நான்கு பக்கமும் பை,
கோலியிலிருந்து மூன்று நாளாய் மிதித்து வருகிறாளாம்,
கழுத்தில் உப்பு வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
"இது ஊருக்கு இறங்குமா?"

இறங்காது, என்றேன்.
போனால் முட்டிக்கொண்டு நிற்கும்.

"இதில் போட்டிருக்கிறதே"
என்று ஹேண்டில்பாரிலிருந்து உருவிக் காட்டினாள்.
மஞ்சளித்த உறை. மடிப்பில் கிழிந்த தாள்.
பதினேழு. பிரேக்கைத் தொட வேண்டாம்.
சிரிக்கும் முகம்.

டௌகல் தன் செயினைக் குனிந்து ஆராய்ந்தான்.
"யார் போட்டதோ," என்றேன்,
"தப்பு."
பேனா வாங்கி, அவள் தாளிலேயே
குறுக்காக ஒரு கோடு இழுத்தேன்.
உறை ஈரம். இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

சாலை வழியே போனால்
இன்னும் நூற்றுப்பத்து மீட்டர் ஏற்றம்.
நால்வரும் ஏறினோம்.
ஹெட்டி இந்த மேட்டில் மட்டும்
ஒன்றும் சொல்லவில்லை.