தாவும் ஏழு

செல்ட்டன்ஹாம். 1973, நவம்பர்.
நாலு பக்க ரகசியக் குறிப்பு.
டார்க்கஸ் பம்ஃப்ரியின் தட்டச்சு இயந்திரத்தில்
ஏழு மட்டும் வரியை விட்டுச் சற்றே தாவும்.

எழுதியவர் லெட்பெட்டர்,
சட்டைப்பையில் பாதி தின்ற பிஸ்கட்.
"பூட்டை ஊருக்கே கொடுத்துவிடலாம், மிஸ் பம்ஃப்ரி,
சாவி மட்டும் நம்மிடம்."

"பூட்டைப் பார்த்தே சாவி செய்துவிட மாட்டார்களா?"

பதிலுக்கு ஓர் எண்ணைச் சொன்னார்: 154379.
"இரண்டு எண்களைப் பெருக்கினேன்.
எவை என்று சொல்லுங்கள்."

மதியம் முழுக்கப் பிட்வில் ஏரிக்கரையில்
பென்சிலும் ஆறிப்போன சாண்ட்விச்சுமாக இருந்தாள்.
ஏரியில் அன்னங்கள் இருந்தன,
நிஜ அன்னங்கள்.
பாலையும் நீரையும் பிரிப்பதாக
இந்த ஊரில் யாரும் அவற்றிடம் சொல்லியிருக்கவில்லை.

மாலையில்
ரிப்பன் இரும்புப் பெட்டிக்குள் போனது,
கார்பன் தாள் உலைக்குள்.
விரல்நுனி நீலத்தை மட்டும்
வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதித்தார்கள்.

நாலு வருடம் கழித்து ஒரு பத்திரிகை:
அமெரிக்காவில் யாரோ
பூட்டை ஊருக்குக் கொடுக்கும் வழி கண்டார்களாம்.
லெட்பெட்டர் தேநீரில் சர்க்கரை போட்டார்,
கலக்கினார்.
கலக்கிக்கொண்டே இருந்தார்.
அவள் போய்க் கரண்டியை வாங்கி வைத்தாள்.

பிறகு ஓய்வு. மூட்டுவலி.
மருமகனின் கணினியில் துலிப் கிழங்குக்குப் பணம் கட்டுகையில்
திரையின் மூலையில் குட்டிப் பூட்டு ஒன்று மூடிக்கொண்டது.
"பயப்படாதீங்க அத்தை, பத்திரம்தான்" என்றான்.
"அப்படியா" என்றாள்.

அந்த எண் எப்போதோ உடைந்துவிட்டது,
மழையில் நின்ற ஒரு பேருந்தில், டிக்கெட்டின் பின்பக்கத்தில்.
317.
மற்றது தானே வந்தது, 487.
இரண்டின் கடைசியிலும் ஏழு.
லெட்பெட்டரிடம்கூடச் சொல்லவில்லை.